ஆறு வயதுக் குண்டூசி

சென்ற ஆண்டு மார்ச் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் குண்டூசி முதன்முதலாக என் கதவைத் தட்டினார். முகம் முழுவதும் வெள்ளைச் சாயம், சிவப்பு மூக்கு, காதுவரை இழுத்து வரைந்த சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே அசல் உதடுகள் உலர்ந்து போயிருந்தன.

"சார், கீழ்ப் போர்ஷன்ல இருக்கேன். நீங்க மனு எல்லாம் நல்லா எழுதுவீங்கன்னு வீட்ல சொன்னா. இதக் கொஞ்சம் பாருங்க. அஞ்சு மணிக்கு எனக்கு ஒரு பொறந்தநாள் இருக்கு."

கைப்பேசியை நீட்டினார். அவருடைய இணையப் பக்கம் முடக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் உரிமையாளர் பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர் எனத் தெரியவருகிறது. அவ்வாறில்லை என்று முப்பது நாட்களுக்குள் மெய்ப்பிக்காவிட்டால் பக்கம் அடியோடு அழிக்கப்படும் என்று அறிவிப்பு சொன்னது.

"உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்து மூணு சார்."

"பின்னே?"

"குண்டூசிக்கு ஆறு," என்றார் தலையைக் குனிந்தபடி.

கோமாளி வேடத்தில் அவர் முதன்முதலாக ஆடி ஆறு ஆண்டுகள் நிறைவடைந்திருந்தன. அந்த நாளில், 'இன்று எனக்கு ஆறு வயது. பலூன் ஊதத் தெரியும், ஷூ லேஸ் கட்டத் தெரியாது' என்று பக்கத்தில் எழுதினார். வேடிக்கை முழுமையாக இருக்கட்டும் என்று சுயவிவரத்தில் பிறந்த ஆண்டையும் மாற்றி வைத்தார். ஆயிரத்து இருநூறு பேர் சிரித்தார்கள். மூன்றாம் நாள் இயந்திரம் நம்பிவிட்டது.

அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அவருக்குத் தொழிலே இல்லை. வாரந்தோறும் வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒரு நிமிடக் காணொளி ஒன்று வெளியிடுவார்; வார இறுதிக்கான ஏற்பாடுகளை அம்மாக்கள் அந்த நேரத்தில்தான் முடிவு செய்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. குழந்தைகளின் முகம் எதிலும் தெரியாது. அறையின் பின்சுவரில் கேமராவை வைத்துப் பிடரிகளை மட்டுமே படம் பிடிப்பார். அதற்காகவே அவரை நம்பி அழைத்தவர்கள் பலர். பேருந்தில் தொங்கிக்கொண்டு போனாலும் வந்த செய்திக்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் போய்விடும். குண்டூசி ஊமைக் கோமாளி. விசில் மட்டுமே ஊதுவார். ஆகவே தொலைபேசியிலும் பேசுவதில்லை. சாயத்தோடு போய்ச் சாயத்தோடு திரும்புவார். வாடிக்கையாளர் எவரும் அவர் குரலைக் கேட்டதில்லை, முகத்தைப் பார்த்ததில்லை. யார் வீடு, எந்தத் தேதி, என்ன முகவரி என்ற அத்தனையும் பக்கத்தின் இன்பாக்ஸில் இருந்தன. பள்ளி விடுமுறை தொடங்க ஒரு மாதமே இருந்தது. அந்த ஆறு வார வருமானத்தில்தான் அவர் குடும்பம் பாதி ஆண்டைத் தள்ளும்.

முதல் மனுவை அன்றிரவே எழுதி, அடையாள அட்டையின் படத்தோடு அனுப்பினோம். அட்டையிலுள்ள பெயரும் பக்கத்தின் பெயரும் வேறு என்று அது தள்ளுபடியானது. இரண்டாம் மனுவுக்கு, முகத்தைக் காணொளியாக எடுத்து அனுப்புமாறு பதில் வந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில், தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டோம். தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் மனைவி கைப்பேசியைப் பிடித்தார். திரையிலிருந்த வட்டத்துக்குள் முகத்தை வைத்து, இடமும் வலமும் திரும்ப வேண்டும். சாயமில்லாத முகத்தைக் காட்டினார். பக்கத்திலுள்ள படங்களோடு பொருந்தவில்லை என்றது. முக்கால் மணி நேரம் செலவழித்துச் சாயம் பூசிக்கொண்டு வந்தார். முகத்தை மறைக்க வேண்டாம் என்றது.

"கட்டிக்கிட்ட எனக்கே ரெண்டும் ஒரே ஆளுன்னு நம்ப ஒரு வருஷம் ஆச்சு," என்றார் மனைவி. "அந்த மெஷினச் சொல்லி என்ன பண்றது?"

"நீ சும்மா இரும்மா."

"இனிமே சும்மாதானே இருக்கப் போறோம்."

கடைசியில், பாதி முகத்தைத் துடைத்துவிட்டால் இரண்டும் ஒருவர்தான் என்று புரியுமே என யோசனை சொன்னவன் நான். அவர் மூக்கின் நடுவே கோடு கிழித்தாற்போல் ஒரு பக்கத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வட்டத்துக்குள் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும் என்று திரை சொன்னது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எந்திரத்தை மிதிக்கத் தொடங்கினார்.

மூன்றாம் மனுவுக்குப் பதிலே இல்லை.

மார்ச் இருபத்திரண்டில் ஒரு புது வாடிக்கையாளர் வீட்டில் நிகழ்ச்சி இருந்தது. நாள்காட்டியில் தேதியைக் குறித்து வைத்திருந்தார், முகவரி இன்பாக்ஸில். அன்று மதியமே சாயம் பூசிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கே போவது என்று தெரியவில்லை. ஏழு மணிக்கு எழுந்து முகம் கழுவினார்.

ஏப்ரல் எட்டாம் நாள் பக்கம் அழிந்தது.

அதே பெயரில் புதிய பக்கம் தொடங்கினார். பின்தொடர்ந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் நான் ஒருவன், அவர் மனைவி ஒருவர். மூன்று ஆண்டுகளாக மகளின் பிறந்தநாளுக்கு அவரைத் தவறாமல் அழைத்த அம்மாவைத் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பினார். 'அசல் குண்டூசியின் பெயரைக் கெடுக்காதீர்கள்' என்று பதில் வந்தது.

"பாருங்க சார், எனக்காக என்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க," என்று என்னிடம் காட்டினார். அதில் சிறிது பெருமையும் இருந்தது.

தாம்தான் என்று நிறுவ அவருக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டார். போன பிறந்தநாளன்று அந்தச் சிறுமி மஞ்சள் சட்டை போட்டிருந்ததையும், பலூன் நாயைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்ததையும் எழுதி அனுப்பினார். முகமறியாத ஓர் ஆள் தன் மகளின் தலையணை வரை தெரிந்து வைத்திருக்கிறான் என்று அந்த அம்மா மிரண்டிருக்க வேண்டும். அடுத்த நிமிடமே அவரிடமிருந்து செய்தி வராதபடி தடுத்துவிட்டார்.

"வீடு தெரியும்ல, நேர்ல போய்ச் சொல்லுங்க," என்றேன்.

"போனா போலீஸுக்குத்தான் போன் போடுவாங்க," என்றார் மனைவி.

அந்தத் தொழிலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரே நாளில் இரண்டு அழைப்பு வந்தால், ஒன்றை வேறொரு கோமாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் பிற்பாடு தமக்கு வருவதில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். நகரின் மறுகோடியிலுள்ள பூசணி என்ற பருத்த கோமாளிக்குக் குண்டூசி அவ்வாறு கொடுத்தவை பத்தொன்பது. திரும்பி வந்தது ஒன்றுமில்லை.

"ஏங்க, வெக்கப்பட்டா ஆகுமா? இப்பக் கேக்காம எப்பக் கேப்பீங்க?" மனைவி பூசணியின் எண்ணை அழுத்தியே கையில் கொடுத்துவிட்டார். ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்.

"சொல்றா ஊசி! சீக்கிரம் சொல்லு, இன்னிக்கி மட்டும் மூணு எடம். மூச்சு விட நேரமில்ல."

குண்டூசி மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. நீள பலூன் எங்க வாங்குறீங்கன்னு கேக்கலாம்னு..."

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி. என் பேரச் சொல்லு, கொறச்சுத் தருவான். ஆமா, உன் பக்கத்தக் காணோமே?"

"வேலை நடக்குதுண்ணே. சீக்கிரம் வந்துரும்."

பூசணி அவசரமாக வைத்துவிட்டார். மனைவி ஒரு சட்டையையும் பொத்தான் டப்பாவையும் அவர் மடியில் வைத்தார். அவர் ஊசியில் நூலைக் கோத்தார்.

விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வரை அவர் ஆடியது இரண்டே வீடுகளில். பூசணி தர வேண்டிய பத்தொன்பதில் ஒன்றைக்கூட அவர் இன்றுவரை கேட்கவில்லை.