ஏரி புரண்ட வாரம்

ஊரில் அவளுக்கு 'நிலவரம்' என்றுதான் பெயர். கடைத்தெருவில் அவள் கடந்து போனால், "அதோ நிலவரம் போகுது, கேளு" என்பார்கள். கேட்பதற்கு முன்னால் அவளே நின்று, "பெரிய ஏரி மந்தம், சின்ன ஏரி மிதம், ஆத்துல தண்ணி கூட" என்று சொல்லிவிடுவாள். நிற்காமல் போனால் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பது அனுபவம்.

நீர்வளத் துறையின் வட்டார அலுவலகத்தில் அவள் சேர்ந்தது தட்டச்சு வேலைக்கு. ஏரிகளை அளந்துவந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனார். "ரெண்டு வாரம் மட்டும் பார்த்துக்கோங்கம்மா, வேற ஆள் வந்துடுவாங்க" என்றார்கள். அந்த ஆள் பத்தொன்பது வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்.

புதன்கிழமை காலையில் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு ஏரிகளுக்கும், அணைக்குக் கீழே ஓடும் ஆற்றுக்கும் போவாள். ஏரி நடுவில் அலுமினியப் படகை நிறுத்தி, மீட்டருக்கு மீட்டர் சிவப்பு டேப் ஒட்டி, நுனியில் வெப்பமானி கட்டிய கம்பியை இறக்கி, ஒவ்வொரு ஆழத்திலும் தண்ணீரின் வெப்பத்தைக் குறித்துக்கொள்வாள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி விட்டு, அது கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும் எழுதுவாள். பிறகு கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர்களிடம் என்ன கிடைத்தது என்று விசாரிப்பாள். வாளியில் நாலு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தாலும் "ஒண்ணும் இல்லம்மா" என்பார்கள். நல்ல இடத்தை யார் காட்டிக்கொடுப்பார்கள்? அவள் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

வியாழக்கிழமை மதியம் அந்த வாரத்து மீன்பிடி நிலவரத்தை எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, கோப்பு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தன் குரலிலேயே பதிவு செய்வாள். அலுவலகத்தின் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால் யார் வேண்டுமானாலும் அதைக் கேட்கலாம். ஒவ்வொரு நீர்நிலைக்கும் நான்கே சொற்களில் ஒன்று: நன்று, மிதம், மந்தம், வேண்டாம்.

இதில் அவளுக்குக் கிடைத்த நல்ல பெயர் ஒன்றுமில்லை. மீன் கிடைத்தால் அது அவரவர் கைராசி. கிடைக்காவிட்டால் நிலவரத்தின் தப்பு. போதாக்குறைக்கு அவள் வாழ்நாளில் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. கொக்கியில் புழுவைக் குத்துவதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இது தெரிந்தவர்கள், "பிடிக்கத் தெரியாதவங்க சொல்ல வந்துட்டாங்க" என்று காதுபடவே பேசினார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வார விடுமுறை என்றால் விடிவதற்குள் தூண்டிலோடு கிளம்பிவிடும் ஆள். வீட்டுக்குள்ளேயே நிலவரம் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும், அவர் தொலைபேசியை எடுத்துத் தூண்டில் கடைக்காரரிடம், "அண்ணே, ஏரி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"ஏங்க, நான் இங்கதானே இருக்கேன்?" என்பாள்.

"நீ சொல்றது ஆபீஸ் கணக்கும்மா. அவர் சொல்றது அனுபவம்."

தூண்டில் கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்தே பல வருடம் ஆகிறது. வியாழக்கிழமை மாலையில் அவரே அந்த எண்ணை அழைத்து, அவள் குரலைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்கிறார். இதை அவள் நூறு முறை சொல்லியிருப்பாள். கணவர் நூறு முறையும் சிரித்தார்.

அந்த வருடம் இலையுதிர் காலம் திடுதிப்பென்று வந்தது. ஒரே வாரத்தில் மரங்கள் பாதி மொட்டையாகி, ஏரிக்கரைப் பாதையில் இலை கணுக்கால் அளவு கிடந்தது. மூன்று நாள் விடாமல் வடக்குக் காற்று. புதன்கிழமை காலையில் பெரிய ஏரிக்குப் போனவளுக்குப் படகுத்துறையிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை நாற்றம். அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கம்பியை இறக்கிப் பார்த்தாள். போன வாரம் மேலே பதினாறு டிகிரி, அடியில் ஒன்பது. இன்று மேலேயும் பன்னிரண்டு, அடியிலேயும் பன்னிரண்டு. வெள்ளைத் தட்டு அரை மீட்டரிலேயே காணாமல் போனது.

ஏரி புரண்டுவிட்டது. கோடை முழுக்க ஏரியின் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும், ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக இருக்கும். குளிர் தொடங்கி மேல்தண்ணீரும் ஆறிப்போனால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும். ஒரு காற்று போதும், அடி மேலே வந்துவிடும். மாதக்கணக்காக அடியில் கிடந்த சகதியும், காற்றோட்டமில்லாத தண்ணீரும் ஏரி முழுக்கக் கலக்கும். மீன்கள் திக்குக்கு ஒன்றாகச் சிதறி, மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருக்கும். வாய்க்கு நேரே இரையைக் காட்டினாலும் தொடாது. எல்லாம் சரியாக இரண்டு வாரம் ஆகும்.

'பெரிய ஏரி: வேண்டாம். ஏரி புரண்டிருக்கிறது. இரண்டு வாரம் பொறுக்கவும்' என்று எழுதி மேலதிகாரியின் மேசையில் வைத்தாள்.

மேலதிகாரி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர்.

"மேடம், ஞாயிற்றுக்கிழமை பெரிய ஏரியில தூண்டில் சங்கத்தோட போட்டி இருக்கு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதுக்காகத்தான் தெளிவா எழுதியிருக்கேன்."

"சங்கச் செயலாளர் காலையிலேயே போன் பண்ணிட்டார். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆள் வராங்களாம். 'வேண்டாம்'னு போட்டா யார் வருவா? கொஞ்சம் இறக்கிப் போடுங்க."

"இதுக்குக் கீழ வார்த்தையே இல்ல சார்."

"மேல இருக்கே" என்று அவரே பேனாவை எடுத்து 'வேண்டாம்' என்பதை அடித்து, 'மிதம்' என்று எழுதினார். புரண்டது, பொறுப்பது பற்றிய வரிகளையும் அடித்தார். "மிதம்னா நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. யாரும் குறை சொல்ல முடியாது."

"மீன் சொல்லும் சார்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

கோப்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்க மாட்டேன் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் தப்பாகக் கணித்தது உண்டு. தெரிந்தே தப்பாகச் சொன்னது கிடையாது. கடைசியில் பொத்தானை அழுத்தி, "பெரிய ஏரி, மிதம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை வீட்டில் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தாள். அவரோ பணிமனையில் கூடுதல் வேலை முடித்து வந்து, சாப்பிட்டதும் படுத்துவிட்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் சின்ன வேலைக்கெல்லாம் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள். 'இந்த ஆள் எப்போது நான் சொல்லிக் கேட்டார், இப்போது கேட்க?' என்று ஒரு வீம்பும் சேர்ந்துகொண்டது. ஞாயிறு காலை அவள் எழுந்திருக்கும்போது கணவர் தூண்டில், நாற்காலி, மீன் வாளி எல்லாவற்றோடும் போயிருந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தார். பேன்ட் முழங்கால் வரை சேறு. வாளியைத் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நூத்துநாப்பது பேரு. காலையில ஆறு மணியில இருந்து நாலு மணி வரைக்கும். மொத்தம் ஏழு மீன். அதுல ரெண்டு செத்து மிதந்தது, அதையும் எடைபோடச் சொல்லி ஒருத்தன் சண்டை போட்டான்."

அவள் கால் துடைக்க ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

"தக்கை அசையவே இல்லம்மா. நாத்தம் தாங்கல. அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டினாங்க. நான் அங்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன்."

"நீங்க ஏன் போனீங்க? உங்க தூண்டில் கடை அண்ணன் நல்லா இருக்குன்னு சொன்னாரா?"

"அவருக்குக் காய்ச்சல். கடை மூணு நாளா பூட்டிக் கிடக்கு." கணவர் ஈரக் காலுறையை இழுத்துக் கழற்றினார். "அதான் உன் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மிதம்னு சொன்னே. சரி, என் பொண்டாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போனேன்."

கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவள் பேச்சை நம்பியது இதுவே முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்து வந்து, மேலதிகாரி அடித்து எழுதியதையும், தான் மறுக்காமல் படித்ததையும் சொன்னாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவர் ஈரக் காலுறைகளை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் மேலதிகாரி வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் அவள் கோப்பு அறைக்குள் இருந்தாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்திப் பேசினாள்: "பெரிய ஏரி, வேண்டாம். ஏரி புரண்டு இருக்கிறது. போன வாரம் மிதம் என்று நான் சொன்னது தவறு. தவறு என்று தெரிந்தேதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஏமாந்த எல்லோரும் மன்னிக்க வேண்டும். அடுத்த வாரக் கடைசியில் தண்ணீர் தெளியும். அதற்குப் பிறகு ஒரு பத்து நாள், வருடத்திலேயே நல்ல நாட்கள்."

பதினோரு மணிக்குள் ஊர் முழுக்க அதைக் கேட்டுவிட்டது. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"செயலாளர் என் பேரைச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப் போறாராம். உங்களை நான் என்ன பண்றது மேடம்?"

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யா சார்?"

"பொய் இல்ல. அதான் பிரச்சினை."

அன்று மாலையே ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் நிலவரத்தில் சொற்கள் கிடையாது. எண்கள் மட்டும்தான். மேல்தண்ணீர் வெப்பம், அடித்தண்ணீர் வெப்பம், தெளிவு எத்தனை மீட்டர். கருத்து எதுவும் கூடாது. பதிவுக்கு இயந்திரக் குரல் ஏற்பாடாகிவிட்டது. அளந்து வருவது மட்டும் வழக்கம்போல அவள்தான்.

அடுத்த வாரம் அவள் மேசைத் தொலைபேசி ஓயவில்லை. "அக்கா, ஒன்பது, ஒன்பது, ரெண்டரைன்னு ஒரு மெஷின் சொல்லுதே, நல்லதா கெட்டதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் குரலைத் தாழ்த்தி, "நன்று. இப்ப போங்க, இதைவிட நல்ல நேரம் வராது" என்றாள். மேலதிகாரி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்.

ஆனால் யாரும் போகவில்லை. "அன்னைக்கும் இப்படித்தானே சொன்னீங்க?" என்று ஒருவர் பட்டென்று வைத்துவிட்டார். மற்றவர்கள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை பெரிய ஏரிக்குப் போனாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நாற்றம் இல்லை. வெள்ளைத் தட்டு மூன்று மீட்டர் ஆழத்திலும் பளிச்சென்று தெரிந்தது. குளிர் முற்றுவதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள மீன்கள் கரை ஓரத்துக்கே வந்து மேய்ந்தன. படகைச் சுற்றி மூன்று பக்கமும் தண்ணீர் குபுகுபுவென்று கொதிப்பதுபோலக் கலங்கியது. கையளவு நீளமுள்ள கெண்டை ஒன்று துள்ளி, படகின் விளிம்பில் மோதி, திரும்ப விழுந்தது. கரையில் ஒரு ஆள் இல்லை. ஒரு தூண்டில் இல்லை. அவளுக்கு வந்த கோபத்தில் துடுப்பைத் தூக்கித் தண்ணீரில் ஓங்கி அடித்தாள். "யாராவது வந்து தொலைங்களேன்!" என்று அந்தக் காலி ஏரியைப் பார்த்துக் கத்தினாள். மீன்கள் ஒரு கணம் கலைந்து, மறுபடியும் மேயத் தொடங்கின.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "இன்னைக்கே போங்க. நாளைக்கு லீவு போட்டுட்டாவது போங்க."

அவர் தயங்கினார். நம்பவில்லை என்று இல்லை. "நம்புறேன்மா. ஆனா பணிமனையில ரெண்டு வண்டி பிரிச்சுக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போறேன்."

சனிக்கிழமை உறைபனி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏரி ஓரம் எல்லாம் கண்ணாடிச் சில்லாக உறைந்து கிடந்தது. மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. போன கணவர் ஒரு மணி நேரத்தில் மூக்கு சிவந்து திரும்பி வந்தார்.

திங்கட்கிழமை படகுத்துறைக் காவலாளியும் அவளும் சேர்ந்து அலுமினியப் படகை இழுத்துக் கொட்டகையில் கவிழ்த்தார்கள். இனி பனி உருகும் வரை அதற்கு வேலையில்லை. விரல் மரத்துப்போய் அலுவலகத்துக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. தூண்டில் சங்கச் செயலாளர்.

"மேடம், பெரிய ஏரி எப்ப நல்லா இருக்கும்?"

"போன வாரம் நல்லா இருந்துச்சு சார்."

"அடடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் மேசையில் கிடந்த அளவுக் குறிப்பைப் புரட்டினாள். "சின்ன ஏரி இன்னும் உறையல சார், மிதம்" என்று சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டு, கைகளைச் சூடாக்கிக்கொள்ள அலுவலக அடுப்பறைப் பக்கம் போனாள்.