பச்சை விளக்கை நம்பாதவள்

போன வாரம் ஒரு பல்கலைக்கழக வராந்தாவில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். நாற்காலி இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் என் மனைவி தேவிகாவுக்கு வாய்மொழித் தேர்வு. நாற்பத்து மூன்று வயதில், மாஸ்டர்ஸ் பட்டத்துக்காக.

படிப்பின் பெயர் சைபர் பிசிக்கல் சிஸ்டம்ஸ். வாய்க்குள் நுழைகிறதா? எனக்கும் நுழையவில்லை. சேர்ந்த அன்றே கேட்டுவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்குக் கண்ணும் கையும் குடுக்கிறதுங்க. சென்சர் பாக்கும், கம்ப்யூட்டர் முடிவெடுக்கும், மோட்டர் ஓடும். நடுவுல மனுசன் கிடையாது."

தேவிகா சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னிஷியன். வாரநாட்களில் வேலை, சனிக்கிழமை வகுப்பு. ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள பம்ப் நிலையம். மழையில் வாய்க்கால் நிரம்பினால், சென்சர் அதைக் கண்டு பம்பைத் தானாக ஓடவிடும். தண்ணீர் ஆற்றுக்குப் போய்விடும். பம்ப் ஓடாவிட்டால்... தண்ணீர் வீட்டுக்குள் வரும். கிள்ளான் வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சொந்த சோபா மிதப்பதைப் பார்த்தவர்கள் நீங்கள்.

அவளுடைய கேள்வி ஒன்றுதான். அந்த சென்சரே பொய் சொன்னால்?

அதைக் கண்டுபிடிக்க ஒரு புரோகிராம் எழுதினாள். மழை அளவையும் வாய்க்கால் நீர்மட்டத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிட்டால், 'சென்சரை நம்பாதே' என்று அவள் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒன்றரை வருட உழைப்பு.

ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு மாதம் இருக்கும்போது அந்த எச்சரிக்கை வரத் தொடங்கியது. மழை பெய்த ஒவ்வொரு மாலையும். மூன்று வாரம். பம்ப் நிலையத்திலோ எல்லாம் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது.

அவளுடைய பேராசிரியர் நல்லவர். அக்கறையோடுதான் சொன்னார் – கோளாறு உன் புரோகிராமில்தான் இருக்கும், அந்த மூன்று வாரத் தகவலை நீக்கிவிட்டு ஆய்வேட்டை முடி என்று.

நானும் என் பங்குக்குச் சொன்னேன்.

"அவங்க சொல்றபடி முடிச்சிடு லா. யாருக்குத் தெரியப் போகுது?"

தேவிகா மடிக்கணினியை மூடினாள். "எனக்குத் தெரியும் இல்லயா?"

நான் அப்படிச் சொன்னதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை கிள்ளான் போறோம். நீங்க கார் ஓட்டுங்க," என்றாள்.

போனோம். பம்ப் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன் கதவைத் திறந்துவிட்டார். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

"தங்கச்சி, டெய்லி நான் செக் பண்றேன். பச்சை லைட்டுதான் எரியுது. ஒரு பிரச்சனையும் இல்ல."

"தெரியும்ண்ணே. ஒரு தடவ கையால தொட்டுப் பாத்துட்டுப் போயிடறேன்."

ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினாள். சென்சர் ஒரு குழாய்க்குள் இருந்தது. குழாயின் அடிவாய் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே ஏற வேண்டும். அதற்குள் கையை விட்டுத் துழாவினாள். முழங்கை வரை சேறு. எதையோ பிடித்து இழுத்தாள்.

கடைகளில் தே ஐஸ் தேநீர் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் பை. ஸ்ட்ராகூட அப்படியே இருந்தது. அதற்கு மேல் இறுகிப்போன சேறு.

வெளியே வெள்ளமே வந்தாலும் அந்தக் குழாய்க்குள் ஒரு சொட்டு ஏறியிருக்காது. 'தண்ணீர் இல்லை' என்று சென்சர் சொல்லிக்கொண்டே இருக்கும். பம்ப் தூங்கும். விளக்கு பச்சையாகவே எரியும்.

முனியாண்டி அண்ணன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூனு வாரமா பம்பு தானா ஓடவே இல்ல தங்கச்சி. மழை கம்மின்னு நெனச்சுட்டேன்... பெரிய மழை வந்திருந்தா?"

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டு வாசலில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முனியாண்டி அண்ணன் குழாயைச் சுத்தமாகக் கழுவிவிட்டார். நான்கு மணிவாக்கில் மழை பிடித்தது. தகரக் கூரைக்கடியில் மூவரும் நின்றோம். வாய்க்கால் மெல்ல மெல்ல ஏறியது. திடீரென்று காலடியில் தரை அதிர்ந்தது. பம்ப், யாரும் தொடாமலே, ஓட ஆரம்பித்திருந்தது.

தேவிகா கையைக்கூடக் கழுவவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "என் புரோகிராம் சரியாத்தாங்க இருந்துச்சு."

இருபது வருடத் திருமண வாழ்க்கையில் அவளைப் பார்த்து நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

மறுநாள் பேராசிரியரிடம், அங்கே போனில் எடுத்த படங்களைக் காட்டினாள். "நான் சொன்னது தவறு. இந்த மூன்று வாரம்தான் உன் ஆய்வே," என்றாராம். அப்படிச் சொல்லவும் ஒரு பெரிய மனசு வேண்டும். தேவிகா கூடுதலாக ஒரு செமஸ்டர் எடுத்து, கடைசி அத்தியாயத்தை முழுவதுமாகத் திருப்பி எழுதினாள்.

நம் வசதிக்குப் பொருந்தாத உண்மைக்கு 'கோளாறு' என்று பெயர் வைத்துவிடுவது எவ்வளவு சுலபம். இல்லையா? ஆபீசில், குடும்பத்தில், சங்கத்துக் கூட்டத்தில்... எதிர்த்துப் பேசுகிறவரைத்தான் முதலில் நீக்குகிறோம். இறங்கிப் போய்த் தொட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இரண்டு மணி நேரம் கழித்து அந்த வராந்தாக் கதவு திறந்தது. வந்தாள்.

"பாஸ். சின்னச் சின்னத் திருத்தம் மட்டும்தான்."

அன்று பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. சாம்பார் வருவதற்குள் ஆய்வேட்டைப் புரட்டி, நன்றியுரைப் பக்கத்தைத் தேடினேன். முதல் பெயர் முனியாண்டி அண்ணன். என் பெயர் மூன்றாவது.

'முடிச்சிடு லா' என்று சொன்னவனுக்கு அதுவே அதிகம்.