பதினான்காம் கட்டம் வரை போன கட்டைவிரல்

போன வருடம் ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நாரந்தனையில், என்னோடு அலுவலகத்தில் வேலை செய்யும் அண்ணை ஒருவருடைய வீட்டில் மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும், கொழும்பில் வாங்கி வந்த ஒரு சின்னப் பெட்டியை அவர் ரீவியில் மாட்டினார். பழைய காலத்து ரீவி கேம் எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறதாம். பட்டியலை நகர்த்திக்கொண்டு போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். கறுப்பு வானம். கீழே வெள்ளையாக ஒரு குட்டி விண்கப்பல். மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள். அந்தப் பழைய சத்தம் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"அண்ணை, இது நான் பதினாலாம் கட்டம் வரைக்கும் போன கேம்!" என்றேன்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் சொல்லி வருகிற கதை அது. அண்ணை றிமோட்டை என் கையில் தந்துவிட்டு, மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அங்கிருந்த எல்லோரும் ரீவியைப் பார்த்தார்கள்.

என் இடது கை தானாகவே வேலை செய்தது. மேலிருந்து விழுந்த குண்டுகளுக்கெல்லாம் கப்பல் வளைந்து நெளிந்து விலகியது. ஆனால் வலது கட்டைவிரல் மரக்கட்டை மாதிரிக் கிடந்தது. சுடுவோம் என்று அதை அமத்தினால் இடது கை நின்றுவிடும். இடது கையைக் கவனித்தால் சுட மறந்துவிடும். விளையாட்டில் கிடைக்கிற மூன்று கப்பலும் அழிந்துபோக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன ஐசே, பதினாலு எண்டீர்? ரெண்டையே தாண்டேல்லை!" என்றார் அண்ணை. "கப்பல் நல்லாத்தான் ஓடுது. ஆனா இது சண்டைக்கு வந்த கப்பலோ, நயினாதீவுத் திருவிழாவுக்குச் சனம் ஏத்திற வள்ளமோ?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, பல வருடமாக நினைக்காமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. அந்த கேமில் நான் ஒருநாளும் சுட்டதில்லை. சுட்டது அம்மா.

எங்கள் ஊர் அனலைதீவு. புகையிலைத் தோட்டம் செய்யும் குடும்பம். அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். சுருவிலில் இருந்த ஒரு குடும்பம் கனடாவுக்குப் போகும்போது, தங்கள் பிள்ளைகள் விளையாடிய ரீவி கேமை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டு றிமோட்டில் ஒன்றுக்கு வயர் அறுந்திருந்தது. மற்றதில் சுடும் பட்டன் இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் அமத்தினால்தான் என்னால் ஒரு குண்டு விட முடியும்.

"அம்மா, இதை ஒருக்கா அமத்தித் தாங்கோவன்" என்று கெஞ்சினேன்.

"எனக்குக் குசினியிலை அடுப்பு வேலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்து, குனிந்து நின்றபடி அமத்தினார். மேலே ஒரு பூச்சி வெடித்துச் சிதறியது. அம்மா திரையை உற்றுப் பார்த்தார்.

"இது எங்கடை புகையிலைப் புழுவெல்லே!" என்றவர், அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

புகையிலைக் கன்றில் இலை இடுக்குகளிலெல்லாம் பக்கத்தளிர் வரும். அதைக் கிள்ளி எறியாவிட்டால் இலை தடிக்காது. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை அம்மா அதைத்தான் செய்வார். அப்படிப்பட்ட விரலுக்கு இறுகிய பட்டன் எம்மாத்திரம்! றிமோட்டின் இடது பக்கத்தை நான் பிடித்துக் கப்பலை ஓட்டுவேன். வலது பக்கத்தை அம்மா பிடித்துச் சுடுவார். "ஒண்டை விட்டியோ, நாளைக்குத் தோட்டம் முழுக்கத் திண்டிடும். இஞ்சாலை கொண்டா, இஞ்சாலை!" என்று எனக்கு உத்தரவு வேறு. அம்மாவின் விரலில் இருந்த புகையிலைப் பிசின் ஒட்டி ஒட்டி, சிவப்பாயிருந்த பட்டன் கறுப்பாகிவிட்டது.

அந்த நாளில் எங்கள் தீவுக்கு மின்சாரம் பின்னேரத்தில் சில மணி நேரம்தான். அது நின்றால் எடுத்த புள்ளியும் போய்விடும். ஒருநாள் பதினான்காம் கட்டத்துக்குள் போனோம். அப்போது பார்த்து மின்சாரம் நின்றது. இருட்டுக்குள் அம்மாவின் குரல் கேட்டது: "தம்பி, பதினாலுதானே? நான் சரியாத்தானே எண்ணினனான்?"

அதற்கு எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பிறகு நான் ஊர்காவற்றுறைக்குப் படிக்கப் போனேன். அங்கே வகுப்பில், பதினான்காம் கட்டம் போனது நான் என்று சொல்லிவிட்டேன். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வகுப்புப் பொடியன்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டதும் கேமைப் போடச் சொன்னார்கள். போட்டேன். அம்மா வழக்கம்போலக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலை நீட்டினார்.

"என்னடா, உன்ரை அம்மாவும் விளையாடுறவவோ?" என்று ஒருவன் கேட்டான்.

"சீ, அவவுக்கு உதொண்டும் தெரியாது. அம்மா, நீங்கள் குசினிக்குப் போங்கோ" என்றேன்.

அம்மா சிரித்தார். "ஓம் ஓம், எனக்கென்ன தெரியும்" என்று எழும்பிப் போனார். நான் பட்டன் பழுது என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டும், வேலை கிடக்கு என்று சொல்லி அம்மா வரவேயில்லை. கொஞ்ச நாளில் நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

நாரந்தனையில் தோற்ற அடுத்த சனிக்கிழமை, அண்ணையிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு, அம்மாவிடம் போக அனலைதீவுக்கு வள்ளம் ஏறினேன். அம்மா ஒருவேளை எல்லாவற்றையும் மறந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். மறந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

நான் பெட்டியை மாட்டும்போது அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். "உதை ஏன் கொண்டந்தனி?" என்று கேட்டதோடு சரி. நான் விளையாடினேன். முதல் கப்பல் போனது. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது கப்பல் போகும்போது, "வலப்பக்கம்..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். மூன்றாவதில் பொறுக்க முடியவில்லை.

"சுடன் தம்பி! என்ன சும்மா ஓடித் திரியிறாய்? புழு முழுக்கத் திண்டு முடிக்கப் போகுது!"

"ஏலாதம்மா. எனக்குச் சுடத் தெரியாது. நான் ஒருநாளும் சுட்டதில்லையே."

அம்மா முருங்கையிலையைப் பார்த்தபடியே கேட்டார்: "உன்ரை சிநேகிதப் பொடியள் ஆரும் வருவினமோ?"

அம்மா எதையும் மறக்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. ஆட்கள் வந்தால் தான் எழும்பிப் போக வேண்டியிருக்குமே என்று, முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வந்தால் வரட்டும் அம்மா. பதினாலாம் கட்டம் போனது ஆரெண்டு நானே சொல்லுவன். அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். நான் செய்தது பெரிய பிழை."

அம்மா கையிலிருந்த கடைசி முருங்கை நெட்டின் இலையையும் ஆய்ந்து முடித்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். வந்து என் வலது பக்கத்தில் உட்கார்ந்து றிமோட்டின் பாதியைப் பிடித்தார். "இதென்ன, பட்டன் பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்று முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான். முதல் வரிசைப் பூச்சிகள் அத்தனையும் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விட்டன.

ஆனாலும் ஆறாம் கட்டத்தில் தோற்றுப்போனோம்.

"நான்தான் கப்பலைப் பிந்தித் திருப்பிப் போட்டன்" என்றேன், அம்மாவை ஆறுதல்படுத்த.

"ஓம், நீதான் பிழை விட்டனி" என்றார் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். "நான் சரியாத்தான் சுட்டனான். திரும்பப் போடு."

திங்கட்கிழமை அலுவலகத்தில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, அண்ணையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு அளந்தது?"

"பொய் அண்ணை. அம்மாதான் சுட்டவ."

"அப்ப அடுத்த ஞாயிறு அவவைக் கூட்டிக்கொண்டு வாரும். நீர் வராட்டிலும் பரவாயில்லை."

"நான் வராமல் ஏலாது அண்ணை. கப்பலை ஆர் ஓட்டுறது?"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான்தான் என்று ஊரில் யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொன்னால், பட்டனை அமத்தவே தெரியாத என் வலது கட்டைவிரலை இப்போதெல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.