இருபது அடிக்கு ஒரு பெட்டி

வாகன நிறுத்தத்தின் வாசலில் இருந்த கண்ணாடிக் கூண்டு நாலடிக்கு நாலடி. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு சீட்டு இயந்திரம், ஒரு ஆள். அந்த ஆளை எல்லோரும் முக்குளி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷம் கப்பல்களின் அடிவயிற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர். கடலுக்குள் மல்லாந்து மிதந்தபடி வேலை பார்த்தவருக்கு இப்போது காலை நீட்டினால் சுவர் இடித்தது.

ஒரு நாள் நாற்பதடி ஆழத்தில் அவருடைய இடது செவிப்பறை கிழிந்தது. குளிர்ந்த தண்ணீர் உள்ளே புகுந்ததும் தலை சுழன்று, மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போயிற்று. மேலே போவதாக நினைத்துக் கீழே நீந்திக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவன் காலைப் பிடித்து இழுத்திராவிட்டால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் ஓட்டை மூடவில்லை.

"இனி தலை தண்ணிக்குள்ள போகவே கூடாது. குளிக்கிறப்பகூட காதுல பஞ்சு வச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

அதை அவர் மறந்தாலும் அவர் மனைவி மறக்கவில்லை. குளியலறைக் கதவைத் தட்டி, "பஞ்சு வச்சீங்களா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. கூண்டு வேலை அவள் அண்ணன் நாலு பேர் காலைப் பிடித்து வாங்கிக் கொடுத்தது. பிடிக்கவில்லை என்று முக்குளி வாயைத் திறந்தால், "உயிரோட இருக்கீங்களே, அது போதாதா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

பக்கத்து நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கும் டீச்சர் தினமும் அங்கேதான் வண்டியை விடுவாள். ஒரு நாள் சீட்டை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அண்ணே, பெட்டி தேடுற விளையாட்டு தெரியுமா? ஒருத்தர் ஒரு பெட்டிய எங்கயாவது ஒளிச்சு வச்சுட்டு, இடத்தோட அடையாளத்த போன்ல போட்டுடுவாங்க. மத்தவங்க அத வச்சுத் தேடிக் கண்டுபிடிச்சு, உள்ள இருக்கிற தாள்ல பேர எழுதிட்டு, திருப்பி அங்கயே வச்சுடணும்."

"வேலையத்தவங்க விளையாட்டுன்னு சொல்லும்மா."

"நான் தண்ணிக்கு அடியில ஒண்ணு வைக்கப் போறேன். ஊருக்கு வெளிய பழைய கல்குவாரி நிரம்பிக் கெடக்குதே, அங்க. இருபது அடி ஆழத்துல. தண்ணி புகாத பெட்டி எதுன்னுதான் தெரியல."

முக்குளி கேட்கும் காதை அவள் பக்கம் திருப்பினார். அவர் முங்கிப் பழகியதே அந்தக் குவாரியில்தான்.

"பெட்டிய எங்கிட்ட விடு" என்றார். பின்னால் நின்ற வண்டிக்காரன் அடித்த ஹாரன் அவருக்கு இரண்டு காதிலும் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. பையில் டப்பாக்களோடு கிளம்பியவரை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"குவாரிக்கா? நானும் வரேன்."

"தண்ணியில இறங்க மாட்டேன்னு சொல்றேனே."

"நீங்க இறங்க மாட்டீங்க. உங்க கால் இறங்கிடும்."

அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். மடிப்புத் தைக்க வேண்டிய பாவாடைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். கை தைத்தது, கண் மட்டும் அவர் முதுகைவிட்டு அகலவில்லை.

ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் ஒரு காகிதத்தை மடித்துப் போட்டு, கல்லைக் கட்டி, கஜத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் மெல்ல இறக்கினார். முதலில் போனது நாலு பக்கமும் கொக்கி வைத்த சாப்பாட்டு டப்பா. விற்றவன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "ஒரு சொட்டு ஒழுகாது சார்" என்று சத்தியம் செய்யாத குறைதான். ஆழத்தில் தண்ணீர் அழுத்தியதில் பக்கங்கள் உள்வாங்கி, மூடியின் ரப்பர் நழுவி, காகிதம் கூழாகித் திரும்பியது. அடுத்தது ஜாம் பாட்டில். தகர மூடி குழிந்ததோடு சரி, காகிதம் நனையவில்லை. ஆனால் மேலே இழுக்கும்போது பாறையில் பட்டுச் சுக்குநூறாயிற்று. தேடி வருகிறவர்கள் தடவித் தடவித்தான் தேட வேண்டும், கண்ணாடி ஆகாது. மாத்திரை டப்பா தாங்கியது, ஆனால் அதற்குள் விரல்கூட நுழையாது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் குழாயை அறுத்து, ஒரு முனையைப் பசைபோட்டு அடைத்து, மறுமுனைக்கு ரப்பர் வளையத்தோடு திருகு மூடி போட்டு எடுத்துவந்தார். இறக்கிய சற்று நேரத்தில் கட்டிய கல் உருவிக்கொண்டது. உள்ளே இருந்த காற்று சும்மா இருக்குமா? குழாய் விர்ரென்று கிளம்பி, தண்ணீரைப் பிளந்துகொண்டு ஆள் உயரம் எகிறிப் போய் விழுந்தது. மனைவி அலறிவிட்டாள். பிறகு, அவரோடு சேர்ந்து சிரித்தாள். காகிதம் மொடமொடவென்று இருந்தது.

ஆனால் கூண்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. இருபது அடியில் ஒருவன் அந்த மூடியைத் திறந்த மறுகணமே தண்ணீர் புகுந்துவிடும். ஒவ்வொரு முறையும் மேலே கொண்டுவந்து, துடைத்து, திறந்து, எழுதி, மூடி, மறுபடி கொண்டுபோக எவனுக்குப் பொறுமை? கப்பலடியில் வேலை பார்த்தபோது அவரே பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால்தான் கணக்குக் குறித்தார். எத்தனை நனைந்தாலும் அது அழிந்ததில்லை.

அன்று மாலை, தண்ணீர் தாராளமாக உள்ளே போய்வரட்டும் என்று குழாயில் எட்டு ஓட்டை போட்டார். வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஒரு பென்சிலோடு உள்ளே வைத்தார். ஈயக்கட்டி ஒன்றை அடியில் பொருத்தினார்.

"இந்த ஓட்டைக் குழாய்க்கா இத்தன வாரம் வெயில்ல காஞ்சோம்?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் முக்கிப் பாத்தாத்தானே தெரியுது."

வைக்கும் நாள் வந்தது. டீச்சர் காற்று உருளையை முதுகில் மாட்டி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, குழாயோடு இறங்கினாள். கயிற்றின் மறுமுனை முக்குளி கையில். பத்து நிமிஷத்தில் கையை விரித்தபடி மேலே வந்தாள். குழாய் இன்னும் அவள் கக்கத்தில்தான் இருந்தது.

"நீங்க பெட்டி வைக்கச் சொன்ன விளிம்பு அங்க இல்லண்ணே. ஒரே கலங்கலா இருக்கு."

"இருக்கு. கண்ணால தேடாத. வலது கைய சுவத்துல வச்சுக்க. கல் உடைக்கத் துளை போட்ட கோடு செங்குத்தா ஓடும். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழாவது கோட்டோட அடியில படி மாதிரி அந்த விளிம்பு வரும்."

சொல்லிக்கொண்டே கையால் காற்றைத் தடவினார். டீச்சர் மறுபடி மூழ்கினாள். கயிறு விரல்களுக்கு நடுவே ஓடியது, நின்றது, நகர்ந்தது. ஏழாவது கோடு இதோ, இன்னும் கொஞ்சம், இன்னும்... பின்னால் சட்டை வெடுக்கென்று இறுகியதும்தான் குனிந்து பார்த்தார். இடுப்புவரை தண்ணீரில் நின்றிருந்தார். முதுகுச் சட்டையை இரண்டு கையாலும் பற்றியபடி, நீந்தத் தெரியாத அவர் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"ஒரு அடி எடுத்து வச்சீங்க, நானும் வந்துடுவேன்."

அவர் நகரவில்லை. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கயிறு மூன்று முறை சுண்டியது.

"வச்சாச்சு" என்றார்.

திரும்பும் பேருந்தில் இரண்டு பேருடைய துணியும் ஈரம். பாதி வழியில் மனைவி கேட்டாள்.

"அடியில எப்படி இருக்கும்?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. வெளிச்சம் எப்படிப் பச்சையாகும், தன் மூச்சுச் சத்தம் தனக்கே எப்படிக் கேட்கும் என்று இறங்கும் இடம்வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவள் அவருடைய கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டாள்.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் கூண்டுக்கு வெளியே நின்று போனை நீட்டினாள். குழாய்க்குள் வைத்த தகட்டின் படம். அதில் பென்சிலால் எழுதிய ஐந்து பெயர்கள், கோணல்மாணலாக.

"அடுத்தது கடல்ல வைக்கப் போறேன்ணே. கயிறு பிடிக்க வருவீங்கல்ல?"

முக்குளி தலையை ஆட்டினார். "பெட்டி எத்தன வேணும்னாலும் செஞ்சு தரேன். கரைக்கு மட்டும் கூப்பிடாதம்மா. கயிறு கையில இருந்தா மனசும் கூடவே இறங்கிடுது. அத மறுபடி மேல ஏத்திக் கொண்டாறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. வீட்டுக்காரிகிட்டயும் இத சொல்லல, உங்கிட்டதான் சொல்றேன்."

அவர் ஒரு சீட்டைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி, பென்சிலை எடுத்தார்.

"கடல்னா அலை புரட்டும், ஈயம் ரெட்டிப்பா வேணும். எத்தன அடி ஆழம்?"