ரகசியம் பேச ஒரு பாஷை

தலைமையாசிரியர் ஆள் விட்டுக் கூப்பிட்டபோது நான் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் என் மகள் ஆபீஸ் மேசைக்கு அடியில் சுருண்டு கிடக்கிறாள். அவளுடைய வகுப்பு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முன்னங்கையில் ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்திருக்கிறார். துணியை விலக்கிக் காட்டினார். பல் பதிந்த தடம் வரிசையாக, ஒன்றுகூட விடாமல் தெரிந்தது. 

தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் சொன்னார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நான் இதே பள்ளிக்கூடத்தில் வேலை. என் வீட்டுக்காரர் பக்கத்துத் தங்கச் சுரங்கத்து ஆபீசில் கிளார்க். ஃபிஜித் தீவின் தவுவா ஊரில் எங்களுக்கு வேறு நாதியில்லை.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு இருந்ததற்கு இன்றைக்கு ஒரு பெயர் இருக்கிறது. அன்றைக்கு லௌடோக்கா ஆஸ்பத்திரி டாக்டர் 'ஸ்லோ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சொந்தக்காரர்கள் கண்ணேறு என்றார்கள். நான் பிடிவாதம் என்றேன். டீச்சர் அல்லவா, எல்லாம் தெரிந்தவள். என் கை எனக்கு முன்னால் ஓடும். அவளை அடித்திருக்கிறேன், பலமுறை. அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

அவள் தானாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வாள். காலையில் கேட்ட ரேடியோ விளம்பரம் சாயங்காலம் அறிவிப்பாளரின் குரலிலேயே வரும். பஸ் டிரைவர் திட்டியது, மீன் விற்பவள் கூவியது, எல்லாம் அப்படி அப்படியே. அந்த வருடம் ரேடியோவில் ஊரடங்கு நேரம் சொல்வார்கள். அதையும் சொல்லிக்கொண்டே சோறு தின்பாள். எல்லாம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போலத்தான்.

அது ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த வருடம். நாங்கள் இங்கிலீஷில் 'கூ' என்போம். தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்தார்கள்; எங்கள் ஊரில் இந்தியக் குடும்பங்கள் பெட்டி கட்டின. ஆனால் யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. விசா முத்திரை விழுகிறவரைக்கும் கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லமாட்டார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும், காரியம் கெட்டுவிடும் என்று பயம். வேலை போய்விடும் என்பது இன்னொரு பயம். சுவாவில் கல்யாணம், போய்விட்டு வருகிறோம் என்பார்கள். அடுத்த வாரம் ஆக்லாந்திலிருந்து போன் வரும். நாய் மட்டும் வாசலில் நிற்கும்.

நாங்களும் அதே கூட்டம்தான். என் வீட்டுக்காரர் விசா விண்ணப்பப் பாரங்களை வாங்கிவந்து, நிரப்பி, காட்டிய இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். நூறு பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவள், நான் கையெழுத்திட்ட காகிதத்தைப் படிக்கவில்லை. மெடிக்கல் பரிசோதனை பாக்கி இருக்கிறது என்றார். "அதுக்குள்ள இவள கொஞ்சம் அடக்கி வெய்யி, டீச்சர். டாக்டர் முன்னால கத்துனா எல்லாம் போச்சு," என்றார். கோபம் இல்லாத நேரத்தில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

இதையெல்லாம் நாங்கள் தமிழில் பேசினோம். மற்ற நாளில் வீட்டில் இந்திதான். தமிழ் எங்களுக்கு ரகசியம் பேச. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது, எங்கள் மகளுக்கும் புரியாது. அவளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் பேசுவோம்.

கடித்த மறுநாள் காலை என் வகுப்பை எழுதச் சொல்லிவிட்டு, அவள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்றேன். டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டார். பக்கத்துக் கிராமத்து ஃபிஜிப் பெண்மணி, அதட்டத் தெரியாதவர். ஏழாவது பெயர் வரைக்கும் என் மகள் கையைக் கட்டிக்கொண்டு சாந்தமாக இருந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டதும் வீறிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. தலையை மேசையில் மோதினாள், ஒன்று, இரண்டு, மூன்று. டீச்சர் ஓடிவந்து பிடித்தார். எனக்கு ஓடத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். ஏனென்றால் எட்டாவது பெயரை டீச்சர் கூப்பிடவே இல்லை. அந்தப் பிள்ளையின் குடும்பம் பத்து நாளைக்கு முன்னால் 'கல்யாணத்துக்கு'ப் போயிருந்தது.

போனவர்களின் பெயரை அடிக்கவும் முடியாமல் கூப்பிடவும் முடியாமல் டீச்சர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பிள்ளைகளிடம் எதுவும் சொல்லவேண்டாம் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நாற்பது பெயரையும் வரிசையாக மனதில் வைத்திருந்த ஒரே ஆள் என் மகள். அந்த வருடத்தில் அவளைச் சுற்றி ஆட்கள் காணாமல் போய்க்கொண்டே இருந்தார்கள், ஏன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நாங்கள் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருந்தோம்.

இடைவேளையில் டீச்சரிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் அவளைத் தினமும் குத்தியிருக்கேனா?" என்று கேட்டார். கடிபட்டவர் அவர், கண் கலங்கியதும் அவர்தான். மறுநாளிலிருந்து எல்லாப் பெயரையும் கூப்பிட்டார். போன பிள்ளையின் பெயர் வந்தால் வகுப்பே சேர்ந்து, "நியூசிலாந்து போயாச்சு," "ஆஸ்திரேலியா போயாச்சு" என்று சொல்லும். தலைமையாசிரியர் முணுமுணுத்தார், டீச்சர் கேட்கவில்லை. முதல் நாள் என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் கையை எடுத்தாள். அடுத்த வாரம் எல்லோரையும்விட அவள்தான் சத்தமாகச் சொன்னாளாம். அந்த டெர்ம் முடிகிறவரை யாரையும் கடிக்கவில்லை.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். "பாத்தியா, காரணம் இல்லாம ஒண்ணும் செய்யல அவ. இப்ப மெடிக்கலுக்குத் தைரியமா கூட்டிட்டுப் போவலாம்," என்றேன். அவர், "நல்லது, டீச்சர்," என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார்.

ஆனால் வீட்டில் அவள் மாறவில்லை. மாறாக மோசமானாள். அவர் போனைக் கையில் எடுத்தால் போதும், பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்குவாள். ரிசீவரைத் தரையில் அடிப்பாள். ஒருமுறை அவர் மணிக்கட்டைப் பிறாண்டி ரத்தம் வந்துவிட்டது. அவர் பெல்ட்டை எடுத்தார், நான் குறுக்கே விழுந்தேன். பள்ளிக்கூடத்தில் துப்பறிந்த நான், என் வீட்டு ஹாலில் நடந்ததைப் பார்த்துப் போன் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, மணி ஒலிக்காமல் இருக்கப் போனைத் துணியில் சுற்றி வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்.

புரட்டாசி வந்தது. 'கூ' வந்தாலும் ஊரடங்கு வந்தாலும் எங்கள் ஆட்கள் புரட்டாசி சனிக்கிழமையை விடமாட்டார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வீட்டில் விளக்கேற்றி, நாமம் போட்டுக்கொண்டு, கோவிந்தா சொல்லிப் பாடிவிட்டுச் சாப்பிடுவது வழக்கம். ஊரடங்குக்கு முன்னால் வீடு திரும்பவேண்டும் என்பதால் அந்த வருடம் மதியத்திலேயே முடித்துவிடுவோம். மூன்றாவது சனிக்கிழமை எங்கள் முறை. பதினைந்து இருபது பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள். சபேட்டோவிலிருந்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, காலையிலேயே வந்து எனக்கு ஒத்தாசையாகப் பூசணிக்காய் நறுக்கினார். நல்ல மனுஷி. அன்றைக்கு என்னவோ என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

கற்பூரம் காட்டி முடிந்தது. எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சு அடங்கி, நான் சோற்றுப் பாத்திரத்தோடு முதல் இலைக்குக் குனிந்தேன். அப்போது நாத்தனார் தன் தம்பியிடம் ஏதோ கேட்க, அவர் சுவர் ஓரத்துப் போனைக் காட்டினார். என் மகள் எழுந்து ஹாலுக்கு நடுவில் வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். தமிழ் வந்தது.

"மெடிக்கல்ல இத பாத்தா மூணு பேரையும் தள்ளிடுவாங்க, அக்கா. அதான் பேர் போடல. நாங்க ரெண்டு பேருன்னுதான் எழுதியிருக்கேன். நீ ரெண்டு வருஷம் வெச்சுக்க. அவகிட்ட இப்ப சொல்லாத, கலாட்டா பண்ணுவா. டிக்கெட் வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

அவள் அப்பாவின் குரல். அவர் இழுக்கும் இழுப்பு, 'அக்கா' என்பதில் வரும் கரகரப்பு, நடுவில் ஒரு செருமல்கூட. அவள் வாயில் தமிழை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பாத்திரம் கையிலிருந்து நழுவியதா நானே வைத்தேனா, தெரியாது. இருபது பேரும் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்துத் திரும்பினேன். ஊர் முன்னால் மானம் போகட்டும், இன்றைக்கு இவரை விடுவதில்லை என்று வாயெடுத்தேன். பத்து வருடத்துக் கோபம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "நீ மனுஷனா?" என்பது வரைக்கும் சொன்னேன்.

அதற்குள் அவள் மறுபடி பேசினாள். இப்போது என் குரலில்.

"இவ மட்டும் இல்லன்னா நான் எப்பவோ நிம்மதியா போயிருப்பேன்."

சொன்னது நான்தான். எந்த நாள் என்றுகூட ஞாபகம் இருந்தது. அவள் தட்டைத் தூக்கி எறிந்த ஒரு சாயங்காலம், வராந்தாவில் உட்கார்ந்து, அவரிடம் தமிழில். அவள் என் காலடியில் உட்கார்ந்து என் புடவைக் கரையை மடித்துக்கொண்டிருந்தாள். அவரிடம் சொல்ல வைத்திருந்த வார்த்தை ஒன்றும் மிச்சமில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என்னிடமிருந்துதான் அவருக்கு அந்த யோசனையே வந்ததோ என்று எனக்குத் தோன்றியது. இன்றுவரை அதை அவரிடம் கேட்கவில்லை.

அவள் முன்னால் மண்டியிட்டேன். தொட்டால் பிடிக்காது, அதனால் தொடவில்லை. "பாப்பாவும் வரும். பாப்பா இல்லாம அம்மா எங்கயும் போவமாட்டேன்," என்றேன், தமிழில். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பாவும் வரும்," என்றாள். என் குரல்தான். ஆனாலும் அதைக் கேட்டு நான் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன்.

பிறகு அவளே போய் அவள் அப்பாவுக்கு எதிரில் நின்றாள். அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். தானாக யாரையும் தொடாத பிள்ளை. பெரியவர் ஒருவர் தணிந்த குரலில், "சொல்லுப்பா," என்றார். என் வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நெற்றி நாமம் வேர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

"பாப்பாவும் வரும்," என்றார்.

அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அவர் இன்னொரு தடவை சொன்னார், சத்தமாக. கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் என் மகள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கையை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.