வேலியோரம் நின்றவர்

என் கணவர் ஓமெல்கோ லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். சந்தையில் அழுகின தக்காளியைத் தலையில் கட்டினாலும் வாய் திறக்காமல் வாங்கி வருவார். பழங்காலப் போர்வீரர் மாதிரி கவசம் போட்டு, மழுங்கின கோடாரியோடு அணி அணியாக மோதும் விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். அந்த மனுஷன் கவசத்தை மாட்டிக் களத்தில் இறங்கினால் மட்டும் ஆளே மாறிவிடுவார். கத்துவார், மோதுவார், கோடாரிக் காம்பு முறிய அடிப்பார்.

தலைக்கவசத்தை அவரே எஃகுத் தகட்டில் அடித்துச் செய்தார். அந்தக் காலத்துப் புல்வெளி நாடோடிகள் போட்டது மாதிரி கூம்பாக, கழுத்தைச் சுற்றி இரும்பு வளையத் திரை. முன்னால் மீசை வைத்த இரும்பு முகம். எத்தனை அடி விழுந்தாலும் அந்த முகம் லேசாகச் சிரித்துக்கொண்டே இருக்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் பின்மண்டையில் ஓர் அடி. விடாமல் வாந்தி எடுத்தார். ரொட்டிக் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். இன்னோர் அடி பட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இவரும் சரி என்று கவசத்தைக் கட்டிலடியில் தள்ளினார்.

வசந்தத்தில் அணித் தலைவன் வகூலா வந்தான். அணியின் ஐந்து பேரில் ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டதாம். நான் வைத்த போர்ஷ் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தான்.

"அண்ணே, நீங்க சும்மா வேலியோரமா நின்னா போதும். அடிக்கிறத நாங்க பாத்துக்குறோம்."

"நிக்கிறதுக்கு ஆள் எதுக்குடா? ஒரு கட்டைய நட்டு வச்சுக்கோ" என்றேன்.

"ஒரே ஒரு தடவ, ஒரிஸ்யா" என்றார் இவர், என் பக்கம் திரும்பி. கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. போய்த் தொலையுங்கள் என்றுவிட்டேன்.

போட்டி விதிப்படி கீழே விழுந்தவன் அந்தச் சுற்றில் இல்லை. நிற்கிறவன் இருக்கும் அணிக்கு வெற்றி. மரவேலியில் சாய்ந்து நின்றாலும் நிற்பதுதான். கடைசிச் சுற்றில் எதிராளி ஒருவன் இவர் காதோரம் கோடாரியால் அறைந்தான். இவர் விழவில்லை. வேலிக்குமேல் கை தொங்க, அப்படியே சாய்ந்து நின்றார். வகூலாவும் மற்றவர்களும் விழுந்தார்கள். விழும்போது எதிரணியின் கடைசி ஆளையும் இழுத்துக்கொண்டே விழுந்தான் வகூலா. களத்தில் நின்றது என் கணவர் மட்டும்.

நடுவர் கொடியைத் தூக்கினார். கூட்டம் கூரை பிய்யக் கத்தியது. விழுந்து கிடந்த நம் அணிப் பையன்கள் எழுந்து ஓடிப்போய் இவரைத் தோளில் தூக்கினார்கள், குலுக்கினார்கள், இரும்பு வாயில் வோட்கா ஊற்றினார்கள். "அண்ணன் கல்லுடா!" என்று கத்தினான் வகூலா. இரும்பு முகம் சிரித்துக்கொண்டிருந்தது. படம் எடுத்தார்கள். நானும் கைதட்டினேன்.

இறக்கிவிட்டதும் கால் மடங்கிச் சரிந்தார். நான்தான் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தேன். ஒரு கண் விழித்தபடி இருந்தது, காதிலிருந்து ரத்தம். ஆம்புலன்ஸில் நான் மட்டும்தான் கூட இருந்தேன்; ஊரைத் தாண்டும் முன்பே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் நினைவுச் சாப்பாட்டுக்கு வகூலா வந்தான். ஒரு பருக்கைகூட அவன் வாயில் வைக்கவில்லை. எல்லாரும் போன பிறகும் வாசற்படியிலேயே நின்றான்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாங்க தூக்கிக் குலுக்குனப்ப... அண்ணன் ஏற்கனவே போயிட்டாருதானே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவனும் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். எனக்கு மனசு வரவில்லை.

"இல்லடா" என்றேன். "உயிரோடதான் இருந்தாரு."