காய்ச்சல் விட்டதும் காணாமல் போகிறவர்கள்

என்னைப் போலவே ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஊசியைப் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள் ரிப்போர்ட்டைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மழைக்காலத்தில், எங்கள் திண்டுக்கல்லில், ஒரே ஒரு ஆளுக்காக நான் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன் என்று கேளுங்கள்.

மெஷின் பழசு

சாகுல் பாய், ஒரு பிரியாணிக் கடையில் தம் போடும் சமையல்காரர். மூன்று நாள் காய்ச்சலோடு வந்தார். வெள்ளையணு இரண்டாயிரத்து நானூறுதான் இருந்தது. நாலாயிரமாவது இருக்க வேண்டும். பயந்துபோய் மறுபடி ஓட்டினேன், அதேதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மிச்சமிருந்த அணுக்களில் சில வைரஸோடு மல்லுக்கட்டி ஊதிப்போயிருந்தன.

“டெங்குவா இருக்கலாம் பாய், இன்னைக்கே டாக்டரப் பாருங்க” என்றேன். கிருமி வந்தால் வெள்ளையணு கூடத்தானே செய்யும் என்று கேட்டார். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் கூடும், இந்த மாதிரி வைரஸ் என்றால் குறையும் என்று மெதுவாகச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“ஒங்க மெஷினு பழசும்மா. எண்ணத் தெரியாம எண்ணுது.”

கவரைப் பிரித்தவர்

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுப்பது எங்கள் வழக்கம். பிரிக்க வேண்டியவர் டாக்டர். பாய் அதை எதிரே இருக்கும் மெடிக்கலில் நீட்டினார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, நாலு அட்டையில் இருந்து மாத்திரைகளைக் கத்தரித்து ‘செட்’ கட்டினார். அதில் ஒன்று ஸ்டீராய்டு. காய்ச்சலை அடக்கும், சண்டைக்குப் போன அணுக்களையும் சேர்த்து அடக்கும். இன்னொன்று வலி மாத்திரை. டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

தயங்கித் தயங்கி ரோட்டைத் தாண்டினேன். இந்த ரெண்டும் டெங்குவுக்கு ஆகாது என்று சொன்னேன். பத்துப் பேர் முன்னால் கடைக்காரர் சொன்னது:

“குத்துறதோட நிறுத்திக்க பாப்பா. பெரிய டாக்டராட்டம் பேசாத.”

உனக்கென்ன நோவுது

மறுநாளே மறுபடி டெஸ்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். இரண்டு நாளாகியும் வரவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்தே தொடங்கும். வைரஸை விரட்ட நம் அணுக்கள் கிளப்பிய ரகளையிலேயே ரத்தக்குழாய் கசியும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, அதாவது பிளேட்லெட், விழும். போன் போடட்டுமா என்று சீனியர் முருகேசன் அண்ணனிடம் கேட்டேன். அவர் டீயை உறிஞ்சினார்.

“காய்ச்சல் விட்டுச்சுன்னா கஸ்டமரும் விட்டுட்டாரு. வரலைன்னா ஒனக்கென்னத்தா நோவுது?”

அவர் பேச்சைக் கேட்டு அரைநாள் சும்மா இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

கல்யாண வீட்டு அடுப்பு

மத்தியானம் மனசு கேட்காமல் போன் போட்டேன். பாயின் மனைவி எடுத்தார். காய்ச்சல் போயிருச்சு, கல்யாண வீட்டில் சமைக்கப் போயிருக்காக, காலையிலிருந்து வயித்து வலியும் வாந்தியும்தான் என்றார். “அடுப்ப விட்டு இப்பவே எழுப்பி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!” என்று கத்தினேன். மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. சாயங்காலம் அட்மிஷன், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணு பதினெட்டாயிரம்.

பத்து நாள் கழித்து, பாய் பாதி உடம்பாக வந்து ரத்தம் கொடுக்கக் கை நீட்டி உட்கார்ந்தார். நல்ல வார்த்தை ஒன்று சொல்வார் என்று நினைத்தேன்.

“இம்புட்டுச் சத்தம் போடத் தெரியுதுல்ல? மொத நாளே போட்டுருந்தா என்ன தங்கச்சி?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன எனக்கு வெள்ளையணுவை எண்ண மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். யாரிடம், எந்த நாளில் கத்த வேண்டும் என்பதற்கு ஒரு பீரியடுகூட ஒதுக்கவில்லை.